ஆறு குதிகால் பட்டைகள்

மன்னார் வளைகுடா, தொண்ணூறு மீட்டர் ஆய்வு நிலையம்
பராமரிப்பு முக்குளிப்பாளர் சலேத் கர்வாலோவின் பதிவு

4 பிப்ரவரி 2068, காலை 07:10

உள்ளழுத்தம் சரி. ஹீலியம் கலவை சரி. கரிவாயு வடிகட்டி நாளை மாற்ற வேண்டும். தோட்டத்தில் நட்ட பவளக் கன்றுகள் 340, உயிரோடு இருப்பவை 11. நிலையத் தலைவர் டாக்டர் கமலக்கண்ணன் கரைக்கு எழுதிவைத்திருக்கும் அறிக்கையில் 329 உயிரோடு இருக்கின்றன. எண்ணிக்கை இடம் மாறிவிட்டதா என்று கேட்டேன். காப்பியைக் கலக்கிக்கொண்டே சிரித்தார். உண்மையான எண்ணிக்கையை மாலையில் நானே கரைக்குச் சொல்லிவிடுவதாகச் சொன்னேன். அதற்குச் சிரிக்கவில்லை.

4 பிப்ரவரி, மாலை 16:40

நான் பின்னறையில் வடிகட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கமலக்கண்ணன் கிளம்பிவிட்டார். நீருக்கடியில் ஆளை இழுத்துச் செல்ல இருந்த ஒரே மோட்டாரையும் கொண்டுபோய்விட்டார். ரேடியோவின் பேசும் அட்டையைக் கழற்றி எடுத்துவிட்டார். இனி கேட்க மட்டும் முடியும். கடலுக்குள் இறங்கும் ஈர அறையில், காலில் மாட்டி நீந்தும் ஃபின்கள் மூன்று ஜோடி ஒழுங்காக அடுக்கியபடி இருக்கின்றன. ஆறின் குதிகால் பட்டைகளும் கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருக்கின்றன. துண்டுகளும் இல்லை, கொக்கிகளும் இல்லை.

இதைக் கண்டெடுப்பவருக்காக எழுதுகிறேன். வாரக்கணக்கில் இந்த அழுத்தத்தில் ஊறிய உடம்பு இது. நேராக மேலே நீந்தினால் ரத்தம் சோடா போலப் பொங்கும், பாதி வழியில் சாவு. மேலே போக ஒரே வழி ஏற்றக்கூண்டு. இரண்டு பேர் உட்காரலாம். கதவைச் சாத்தியபின் நான்கு நாள் எடுத்து உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும். பிறகு தானாக மிதந்து எழும். அது அறுநூறு மீட்டர் தள்ளி நிற்கிறது, வழி நெடுக எதிர் நீரோட்டம். ஃபின் இல்லாமல் நூறு மீட்டர்கூடப் போக முடியாது. பட்டை இல்லாத ஃபின் இரண்டாவது உதையிலேயே காலை விட்டுப் போய்விடும்.

5 பிப்ரவரி, முற்பகல் 11:20

நான் நேற்று மாலை இறந்துவிட்டேன். ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

கூண்டிலிருந்து கமலக்கண்ணன்: "என் கண்ணு முன்னாடியே நீரோட்டம் இழுத்துட்டுப் போயிடுச்சு. கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி இருந்தா."

கரைக் கட்டுப்பாட்டு அறையில் இசக்கிராஜ்: "மனசத் தேத்திக்கோங்க சார். அவங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லியாச்சு. நாளைக்கு மாதா கோயில்ல அவங்களுக்குப் பூசை வைக்காவ."

என் கணவர் ரெமிஜியுஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அந்தக் கறுப்புச் சட்டை அவருக்குத் தோளில் இறுக்கும். இவன் செய்த காரியத்துக்கு அந்த மனுஷன் ஊர் முன்னால் அழ வேண்டும்.

இனி இந்தப் பதிவில் கமலக்கண்ணனுக்கு 'அவர்' கிடையாது. அவன்தான்.

கையிலிருந்த ஒரே மிதவையில் குறிப்பு எழுதிக் கட்டி மேலே விட்டேன். வாடை நீரோட்டம் இந்நேரம் எங்கே கொண்டுபோயிருக்குமோ.

5 பிப்ரவரி, பிற்பகல் 15:05

முதல் முயற்சி: நைலான் கயிறு. இழுபடவில்லை. இருபது உதையில் குதிகால் தோல் உரிந்துவிட்டது.

இரண்டாவது: பழைய நுரைரப்பர் முக்குளிப்பு உடையின் கைப்பகுதி. இந்த ஆழத்தில் அது அப்பளமாக நசுங்கிவிடுகிறது. துளையிட்ட இடத்தில் கிழிந்தது.

6 பிப்ரவரி, காலை 10:30

கன்றுத் தொட்டிகளுக்குக் கடல்நீர் ஏற்றும் தடித்த ரப்பர் குழாய் கிடைத்தது. செத்த பவளத்துக்கு இனி தண்ணீர் எதற்கு?

காலுக்கு இரண்டு சாண் வெட்டினேன். குழாய்க்குள் நைலான் கயிற்றைத் தளர்வாக ஓட்டினேன். ரப்பர் அறுந்தாலும் கயிறு பிடிக்கும். கொக்கிகளை அவன் கொண்டுபோய்விட்டதால், என் கட்டிலின் போல்ட்டுகளைக் கழற்றி ஃபினின் பக்கத் துளைகளில் முடுக்கினேன். குதிகாலுக்குப் பின்னால் விரல் நுழைய ஒரு வளையம். கடையில் வாங்கும் பட்டை குதிகாலை மட்டும் சுற்றும். நான் கணுக்காலுக்கு முன்னால் ஒருமுறை குறுக்கே போட்டுக் கட்டியிருக்கிறேன்.

இங்கேதான் டாக்டர் படித்த படிப்பு அவனைக் கைவிட்டது. பட்டை போனால் கால் போன மாதிரி என்று நினைத்திருக்கிறான். நான் தெரேஸ்புரத்துக்காரி. எங்கள் ஊரில் சங்கு எடுக்க இறங்குகிறவர்கள் அலுமினியத் தகட்டை லாரி டியூப் துண்டால் இப்படித்தான் காலில் கட்டுகிறார்கள். கடைப் பட்டையை நான் முதன்முதலில் பார்த்ததே இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான். ஃபினை வெட்டியிருந்தால் நான் செத்திருப்பேன். பட்டையை வெட்டினான்.

எழுபது உதை உதைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

7 பிப்ரவரி, காலை 09:50

போய்விட்டு வந்தேன். போக இருபத்தாறு நிமிடம்.

கூண்டுக்கு வெளியே மூன்று கலவைக் காற்றுப் பாட்டில்கள் தொங்குகின்றன. உள்ளே இருப்பவர் மயங்கினால் வெளியாள் மறுபடி அழுத்தம் ஏற்றிக் காப்பாற்றுவதற்கு. அந்த வால்வை உள்ளிருந்து அடைக்க முடியாது. அவனுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. முதல் பாட்டிலை முழுக்கத் திறந்துவிட்டேன். அழுத்தமானி பழையபடி தொண்ணூறு மீட்டருக்கு வந்தது. இன்று அவனுக்கு மறுபடி முதல் நாள்.

அடிக்கதவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே தாழ் போட்டிருக்கிறான். உலோகத்தில் மூன்று தட்டு தட்டிவிட்டுத் திரும்பினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு பசித்தது. நன்றாகச் சாப்பிட்டேன்.

ரேடியோவில்: "யாரோ வால்வத் திறந்துட்டாங்க. வெளிய யாரோ இருக்காங்க."

இசக்கிராஜ்: "சார், அங்க உங்களத் தவிர ஆரும் கிடையாது. வால்வு தேஞ்சிருக்கும்."

8 பிப்ரவரி, காலை 09:40

இரண்டாவது பாட்டில். இம்முறை அவன் கண்ணாடியில் முகத்தை வைத்துக் காத்திருந்தான். என்னைப் பார்த்ததும் அந்த முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. அதற்காகவே இன்னும் நூறு முறை நீந்தலாம்.

ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினான்: "உள்ளே வா. இரண்டு இருக்கை. சேர்ந்தே போகலாம்."

என் பலகையில் எழுதிக் காட்டினேன்: "முதலில் கரைக்கு உண்மையைச் சொல். பிறகு கதவு."

தலையை ஆட்டி மறுத்தான். நான் வால்வைத் திறந்தேன்.

ஏறியிருக்கலாம். கதவு திறந்திருக்கும். அவனுடைய ரேடியோவை நானே பிடுங்கிப் பேசியிருக்கலாம். ஆனால் அவன் வாயாலேயே கேட்க வேண்டும் என்று இருந்தது. உயிரோடு இருக்கும் எனக்குப் பூசை வைக்கச் செய்த வாய் அல்லவா. அந்த ஆசையை என்னால் விட முடியவில்லை.

10 பிப்ரவரி, காலை 10:15

மூன்றாவது பாட்டில், கடைசி. அவனுடைய கரிவாயு வடிகட்டிக்கு இன்னும் ஒரு நாள்தான் ஆயுள். உதடு நீலமாகிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே நின்று என் வாயைத் தொட்டுக் காட்டினேன். பேசு.

நிலையத்துக்குத் திரும்பியபோது ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"சலேத் உயிரோட இருக்கா. நான்தான் பட்டையெல்லாம் வெட்டினேன். பவளமும் செத்துப்போச்சு. எல்லாம் பொய். அவ தெனமும் வந்து வால்வத் திறக்கறா. தயவுசெஞ்சு அவள நிறுத்தச் சொல்லுங்க."

நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஒவ்வொரு சொல்லையும் சொல்லிவிட்டான்.

இசக்கிராஜ்: "சார், ஃபின் பட்டை இல்லாம ஆரு சார் அம்புட்டுத் தூரம் நீந்துவா? நீங்களே சொன்னீங்க, கண்ணு முன்னாடி போனாவன்னு. மெதுவா மூச்சு விடுங்க."

பிறகு ஒரு மருத்துவரின் குரல். கரிவாயு மூளைக்கு ஏறியிருக்கிறது, குற்ற உணர்ச்சியில் உளறல், செத்தவர்கள் தெரிவது சகஜம் என்றார். அழுத்த அறை உள்ள பெரிய கப்பலை அனுப்புகிறார்களாம்.

அவன் உண்மையைச் சொன்னான். யாரும் நம்பவில்லை. அவனை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவள் நான்.

11 பிப்ரவரி, பிற்பகல் 12:55

கப்பல் தலைக்கு மேலே நிற்கிறது. ரேடியோவில் கேட்டவரை, ஆளை இறக்காமல் இயந்திரக் கையாலேயே கூண்டுச் சங்கிலியில் கொக்கி மாட்டிவிட்டார்கள். புது வடிகட்டியும் இறக்கிக் கொடுத்தாயிற்று. 14:00 மணிக்குக் கூண்டை உள்ளழுத்தத்தோடு அப்படியே தூக்குகிறார்கள். ஆளில்லாத நிலையம் ஆபத்து என்று அதே நேரத்தில் மேலிருந்தபடியே இங்கே கதவுகளைத் திறந்து தண்ணீர் விட்டு மூடுகிறார்கள்.

மூன்று காலி டப்பாக்களில் குறிப்பு வைத்து மேலே அனுப்பினேன். கப்பலில் யாரும் கடலைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

11 பிப்ரவரி, பிற்பகல் 13:08

இசக்கிராஜ்: "சார், இப்ப தெளிஞ்சாச்சா? கடைசியா ஒண்ணு கேக்கேன், பதிவுக்கு. நிலையத்துல ஆராவது இருக்காவளா?"

ஹீலியத்தில் எல்லோருக்கும் வாத்துக் குரல்தான். அந்தக் குரலில், நல்ல காற்றை நிறையச் சுவாசித்துத் தெளிந்த புத்தியோடு சொன்னான்:

"யாரும் இல்ல."

11 பிப்ரவரி, பிற்பகல் 13:21

ஃபின்களைக் கட்டிவிட்டேன்.

கூண்டு மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம். என் சிலிண்டரில், போகும் இருபத்தாறு நிமிடம் போக, இன்னும் நாற்பது. கூண்டுக்கதவு தாழிட்டிருக்கிறது. எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நான் தேற மாட்டேன்.

வால்வைத் தொட மாட்டேன். பாட்டில்கள் காலி, ஆனாலும் அவனை முடித்துவிட வேறு நாலு வழி எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யப் போவதில்லை. அவன் பத்திரமாக மேலே போக வேண்டும். பேட்டி கொடுக்க வேண்டும்.

இந்தப் பதிவை மெழுகுத்துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்வேன். கூண்டுக்கு மேலே, சங்கிலியோடு சேர்த்து, இடுப்பையும் இரண்டு தோளையும் கயிற்றால் பிணைத்துக்கொள்வேன். அவிழாத முடிச்சு.

கப்பல் மருத்துவருக்கு: நான் நான்காம் தேதி மூழ்கிச் செத்ததாகப் பதிவு இருக்கிறது. உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடு இருக்கும்.

பிறகு அவனிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.