பிஸ்கட் தட்டில் நான்கு துளைகள்

சலதிகா,
28 டிசம்பர் 1995

அன்பு மகள் முர்த்தினிக்கு,

இங்கே எல்லோரும் நலம், டிரான்ஸ்பார்மரைத் தவிர. மூடிப்போன சினிமாக் கொட்டகையின் பழைய சாமான்களிலிருந்து பாட்டுப் பெட்டி கட்ட இரண்டு டிரான்ஸ்பார்மரும், பல்பு மாதிரி எரியும் நாலு கண்ணாடி வால்வும் வாங்கி வந்திருக்கிறேன். ஒன்று கரண்டை வாங்குவது, மற்றது ஸ்பீக்கருக்குப் பாட்டைக் கொடுப்பது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். பஸ் சீட் தைக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று பக்கத்து வீட்டு தர்மோ அண்ணன் கேட்கிறார். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

எல்லாவற்றையும் உன் அம்மாவின் அலுமினிய பிஸ்கட் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகில் வைத்திருக்கிறேன். "உங்க பாட்டுப் பெட்டிக்கு என் தட்டுதான் கிடைச்சுதா?" என்று அவள் தினமும் கேட்கிறாள். பாட்டு வந்தால் பதில் சொல்லலாம். வருவது இரைச்சல்தான். கூட்டுக்குள் தேனீ அடைந்த மாதிரி "ம்ம்ம்" என்று ஒரே சத்தம். நீ பாத்தாம் தீவுக் கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றுகிறவள். வழி சொல்லு கண்ணு. பெருநாள் இரண்டாம் நாளுக்குள் பாட வேண்டும்.

இரண்டு பெருநாளாக நீ சாப்பிடும் தட்டை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. இந்தத் தடவையாவது கப்பல் ஏறு. அம்மா ஏதோ எழுத வேண்டுமாம், ஓரத்தில் இடம் விடுகிறேன்.

அப்பா சுகார்தி

(தினி, பெருநாள் இரண்டாம் நாள் அம்பராவா கஸ்மான் வீட்டிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார், சிகரெட்கூடக் கிடையாது. யோசித்துச் சொல். அம்மா.)


பாத்தாம்,
6 ஜனவரி 1996

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்துச் சிரித்து, விடுதியில் என் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கும் உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தேனீ இருப்பது வால்வில் இல்லை அப்பா. இரண்டு டிரான்ஸ்பார்மரும் ஒட்டி, ஒரே பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கும். கரண்ட் டிரான்ஸ்பார்மரின் சத்தம் காற்று வழியாகவே பக்கத்தில் இருப்பதற்குள் ஏறிவிடும். தள்ளி வையுங்கள். ஒன்று கிழக்கே பார்த்தால் மற்றதை வடக்கே திருப்புங்கள்.

எவ்வளவு திருப்புவது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. வால்வுகளைக் கழற்றிவிடுங்கள். கரண்ட் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரில் ஸ்பீக்கர் மாட்டும் இரண்டு கம்பியில் காதுக்கு மாட்டும் ஹெட்போனைச் சேர்த்து, அதைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் சத்தம் செத்துவிடும். அங்கே கோடு போட்டு, பிறகுதான் திருகாணிக்குத் துளை. எங்கள் சூப்பர்வைசர் சொல்வார்: முதலில் காது, அப்புறம்தான் டிரில். துளை போட்டுவிட்டுக் கேட்பதில் பிரயோஜனம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

உங்கள் முர்த்தினி


சலதிகா,
19 ஜனவரி 1996

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எவ்வளவு பெரிய புத்திசாலி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது.

நீ சொன்னபடியே செய்தேன். கண்ணை மூடிக்கொண்டு திருப்பினேன். சத்தம் கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது. திடீரென்று அடங்கிவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. "தினி சொன்னது சொன்னதுதான்!" என்று கத்திக்கொண்டே நாலு துளையும் போட்டுவிட்டேன். வால்வை மாட்டினால் ஒன்றும் எரியவில்லை. திரும்பிப் பார்த்தால் உன் அம்மா என் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சொருகி என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கரண்ட் இல்லாத அமைதி அது. பிளக்கைத் திரும்பச் சொருகினேன், தேனீ எல்லாம் கூட்டுக்கு வந்துவிட்டது. தட்டில் நாலு துளை விழுந்ததுதான் மிச்சம். "இனி பிஸ்கட்டை இதில் வச்சா அடுப்புக்குள்ள போய் விழும், ரொம்ப சந்தோஷம்" என்றாள் அம்மா. தர்மோ அண்ணன் இதைக் கேட்டு இருமி இருமிச் சிரித்தார்.

அப்புறம், அம்மா ஓரத்தில் எழுதியதற்கு நீ ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. நம் வழக்கத்தில் பெண் பேசாமல் இருந்தால் அதுதானே பதில். கஸ்மான் அண்ணனை உறுதியாக வரச் சொல்லிவிட்டேன். அவர்கள் வரும்போது நல்ல பாட்டாகப் போடலாம் என்றுதான் இந்தப் பாடெல்லாம். கோபிக்காதே.

அப்பா


பாத்தாம்,
29 ஜனவரி 1996

அப்பாவுக்கு,

இரண்டு வருஷத்துக்கு முன்னால் போயொலாலி வீட்டார் பெண் பார்க்க வந்தபோதும் நான் பேசாமல்தான் நின்றேன். தேநீர்த் தட்டு கையில் நடுங்கியது, யாரும் பார்க்கவில்லை. பெண்ணுக்குச் சம்மதம் என்று நீங்கள் அவர்களிடம் சொன்னீர்கள். மறு வாரம் நான் கப்பல் ஏறினேன்.

அம்மா எழுதிய அந்த மூன்று வரியை நான்கு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். அப்பாவிடம் எப்படி வேண்டாம் என்று எழுதுவது என்று தெரியவில்லை. தெரிந்ததை எழுதினேன். டிரான்ஸ்பார்மரைப் பற்றி.

உங்களுக்குக் கேட்டது சம்மதம் இல்லை அப்பா. பிளக் பிடுங்கியிருந்தது.

பெருநாளுக்கு நான் வரவில்லை. டிக்கெட் எடுக்கவில்லை. இரண்டு டிரான்ஸ்பார்மருக்கும் நடுவே ஒரு சாண் விடுங்கள்.

முர்த்தினி


சலதிகா,
8 பிப்ரவரி 1996

என் கண்ணுக்கு,

உன் கடிதத்தை அம்மா படித்துக் காட்டினாள். பாதியில் நிறுத்திவிட்டாள். மீதியை நானே வாங்கிப் படித்தேன். அந்தத் தேநீர்த் தட்டு எனக்கு ஞாபகம் இருக்கிறது. டம்ளர் கிணுகிணு என்று ஆடியது. கேட்டேன் தினி. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று பஸ் ஏறி அம்பராவா போனேன். கஸ்மான் அண்ணன் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். நல்லவேளை நோன்பு மாதம், என் தலையில் கொட்டுவதற்கு அவரிடம் தேநீர் இல்லை. வர வேண்டாம் என்றேன்.

"ஏன், பொண்ணு ஏதாவது சொல்லிச்சா?" என்றார்.

"மொதல்ல ஒண்ணும் சொல்லலண்ணே."

"அப்புறம் என்னய்யா? அதுதான் சம்மதம்."

"இல்லண்ணே. பிளக் புடுங்கியிருந்துச்சு."

நோன்பு வெயில் எனக்குத் தலைக்கேறிவிட்டது என்று முடிவு பண்ணி, பஸ் ஏறும்வரை கூடவே வந்தார். நல்ல மனுஷர். வாத்தியார்ப் பையன்தான் வாசலில் நின்றபடி, "அவங்களுக்கு வேற யோசனை இருந்தா இருக்கட்டும் மாமா" என்றான். இதை உனக்கு நான் சிபாரிசாக எழுதவில்லை. நடந்ததை எழுதுகிறேன். உன் அம்மாவுக்கு இன்னும் கோபம், என் மேலா உன் மேலா என்று சரியாகத் தெரியவில்லை. புதுத் தட்டு வாங்கிக் கொடுத்தேன், அதையும் வெடுக்கென்றுதான் வாங்கினாள்.

டிரான்ஸ்பார்மர்களை இப்போது ஒரு பலகையில் வைத்திருக்கிறேன், ஒரு சாண் தள்ளி. ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரை பஸ் சீட் ரப்பரால் கட்டியிருக்கிறேன், திருகாணி கிடையாது. எந்தப் பக்கமும் திரும்பும். முதலில் பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்போனைக் காதில் வைக்கிறேன். சத்தம் முழுசாகச் சாகவில்லை. கொசு அளவுக்குக் கேட்கிறது. அப்படிக் கேட்டால்தான் கரண்ட் இருக்கிறது என்று மனசு நம்புகிறது. டிரில்லை தர்மோ அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். நானே வந்து கேட்டாலும், தினி சொல்லாமல் தரக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் நாள் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். நீ சாப்பிடும் தட்டை அம்மா கழுவி வைத்துவிட்டாள், நான் சொல்லவில்லை.

இந்தக் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வராவிட்டால், நீ வருகிறாய் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வரமாட்டாய் என்றும் எடுத்துக்கொள்ள மாட்டேன். இன்னொரு கடிதம் எழுதிக் கேட்பேன்.

பிஸ்கட் தட்டைக் கெடுத்த
உன் அப்பா