மாத்திரைக்கும் பங்கு

ஜூன் 3
இந்த ஊரே என்னிடம் பொய் சொல்கிறது. "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "போட்டோம்" என்கிறார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். பிரஷர் மாத்திரையில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 5
தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து பேராசிரியர் ஓமுர்சாகோவ் போனில் கூப்பிட்டார். இந்த ஊரில் அவருக்காக நான் நடத்தும் பிரஷர் மருந்து ஆராய்ச்சி எளிமையானதுதான். எல்லோரும் தங்கள் பழைய மாத்திரையைத் தொடர வேண்டும். அதோடு பாதிப்பேர் குப்பியில் புது மருந்து, மீதிப்பேர் குப்பியில் வெறும் மாவு மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுதான். எது யாருக்கு என்று எனக்கே தெரியாது.

"ரெண்டு பக்கமும் பிரஷர் ஒரே அளவுலதான் இறங்கியிருக்காம், பெகிமாய். புது மருந்து உதவாது. கடையைக் கட்டிடலாம்."

உதவாதா? பனிக்காலத்தில் தலைசுற்றித் தொழுவத்தில் விழுந்த சய்ராகுல் அக்கா, இப்போது மலைமேல் குதிரை கறக்கிறார்!

ஜூன் 8
கண்டுபிடித்துவிட்டேன். ஐயோ.

மேய்ச்சல் மலையில் சய்ராகுல் அக்காவின் கூடாரத்தில் ஆடு வெட்டினார்கள். கறி முடிந்ததும் ஆளாளுக்குச் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே மரக்கிண்ணத்தில் கொட்டினார்கள். பழைய லாரி டிரைவர் கனிமெத் அண்ணன் அகப்பையால் கலக்கினார். பிறகு எலும்புக்கறிக்குப் போடுவதுபோலவே வயது வரிசையில் பங்கு!

"அக்கா! என்ன பண்றீங்க?"

"நீதானேம்மா சொன்னே, பாதிப்பேருக்கு நிஜம், பாதிப்பேருக்கு மாவுன்னு? ஒரே விரிப்புல உக்காந்துட்டு எனக்குக் கறி, பக்கத்து வீட்டுக்காரனுக்கு எலும்புன்னா, தொண்டையில இறங்குமா?"

"எலும்பாவது கண்ணுக்குத் தெரியும்" என்றார் கனிமெத் அண்ணன். "இவங்க அதையும்ல மூடிக் குடுக்கறாங்க."

எனக்கும் ஒரு மாத்திரை நீட்டினார்கள். விருந்தாளியாம்.

"எனக்கு பிரஷர் இல்லண்ணே."

"இந்த வேலையில இருந்தா வந்துரும். வெச்சுக்க."

ஆராய்ச்சி தொடங்கும்போதே சட்டப்படி நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். அவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதுதான் வினை.

ஜூன் 9
இந்தத் திட்டத்தை எழுதியவர்களில் ஒருவராவது இந்த மலையில் ஒரு விரிப்பில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாரா?

ஜூன் 11
சொல்லிவிட்டேன். பேராசிரியர் "காட்டுமிராண்டிங்க!" என்று கத்தினார். அவர் அப்பாவும் ஆடு மேய்த்தவர்தான்.

"சார், எல்லாரும் கலந்து சாப்பிட்டாங்க, எல்லாருக்கும் இறங்கிடுச்சு. அப்ப மருந்து வேலை செய்யுதுன்னுதானே—"

"கலந்ததை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வேற பள்ளத்தாக்குல முதல்லேருந்து ஆரம்பிப்போம். இங்க குப்பிகளைத் திருப்பி வாங்கு. நானே வரேன்."

ஒன்றும் சொல்ல முடியாது என்பது சரிதான். சரியாக இருப்பதால்தான் இன்னும் எரிகிறது. வேறு பள்ளத்தாக்கு சரி — இவர்கள்?

ஜூன் 12
குப்பிகளை வாங்கினேன். கனிமெத் அண்ணன் தன்னுடையதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

ஜூன் 14
பேராசிரியர் வந்தார். சண்டை வரும் என்று பயந்தேன். ஆடு வெட்டினார்கள். பெரிய விருந்தாளி என்று ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். முறைப்படி அதை அறுத்து எல்லோருக்கும் கொடுக்க வேண்டியவர் அவர்தான். முதலில் காதை அறுத்து, கூட்டத்தில் சின்னவள் என்று எனக்குக் கொடுத்தார். முறையெல்லாம் மறக்கவில்லை.

"எல்லாரும் பழைய மாத்திரையையே தொடருங்க" என்றார்.

பழையதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் அக்கா தொழுவத்தில் விழுந்தார்.

சய்ராகுல் அக்கா அவருக்குக் குதிரைப்பால் ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"தப்பு எங்களுதாவே இருக்கட்டும் சார். அப்ப எல்லாருக்கும் நிஜத்தையே அனுப்புங்க, நாங்க ஏன் கலக்கப்போறோம்? தலை உங்க கையில இருக்கு. பங்கு போடுங்க."

பேராசிரியர் கத்தியைத் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது. மறுபடியும் துடைத்தார்.