அரக்கனுக்குப் பிடித்த ஜலதோஷம்

மரியாதைக்குரிய அப்பாவுக்கு,

உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் முணுமுணுப்பும் குறைந்திருக்கும் என்று நம்பி மகன் எழுதுவது. நான் நலம்.

போன வாரம் எங்கள் பொம்மைப் பட்டறையில், முப்பரிமாண அச்சுக்காகக் கணினியில் ஓர் அரக்கன் தலையைச் செதுக்கினேன். உள்ளே கூடாக இருக்கும் தலை என்பதால், அச்செடுத்தபின் உள்ளே மிஞ்சும் ரெசின் என்ற பிசின் திரவம் வடிய அடியில் இரண்டு ஓட்டை வைத்தேன். என் சீனியர், அந்த மகாசிற்பி, அசிங்கமாக இருக்கிறதென்று இரண்டையும் அடைத்துவிட்டு அச்செடுத்தார். “அண்ணே, ஓட்டை வேணுமே?” என்றேன்.

“உன் ஓட்டை வாய் ஒண்ணு போதும், போடா.”

வண்ணம் பூசும் அக்கா நான்கு நாள் பாடுபட்டார். வாங்க வந்தவர் தலையைக் கையில் எடுத்ததும் மூக்கு வெடித்து ரெசின் ஒழுகியது. சீனியர் கூசாமல், “பையன் வேலை சார்,” என்று என்னைக் கைகாட்டினார். அவர் தலையும் உள்ளே காலிதான். என்ன, வெடிக்க அதில் சரக்கில்லை.

முதலாளி என்னை மூட்டை கட்டச் சொன்னார். நான் என் கணினிக் கோப்பைத் திறந்து இரண்டு ஓட்டைகளையும் காட்டினேன். மகாசிற்பி மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

“அப்ப புதுசையும் நீயே செய். லீவெல்லாம் அப்புறம்,” என்றார் முதலாளி.

ஆகவே அடுத்த வாரம் நான் ஊருக்கு வரவில்லை. வருத்தமெல்லாம் ஒன்றுமில்லை. ரெசின் துடைக்க உங்கள் பழைய பனியன் இரண்டு அனுப்புங்கள். துவைக்காததாக இருந்தாலும் பரவாயில்லை.

சீனியர் வருகிறார், முடிக்கிறேன்.

உங்கள் வாயாடி மகன்