கரியாஹாட் சிக்னலில் நின்ற வண்டி

லேக் மார்க்கெட்,
கொல்கத்தா.

சௌபாக்கியவதி மதுவுக்கு அம்மா அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் க்ஷேமம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன், மேலே படித்துவிட்டு நீயே சொல். மெல்போர்னில் குளிர் விட்டதா, மாப்பிள்ளைக்கு இருமல் தேவலையா. போனில் பேசினால் அப்பா காதில் விழும், அதனால்தான் காகிதத்தில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், நீ மட்டும் படி.

நம் கார் நின்றுபோனதை அப்பா சொல்லியிருப்பார், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன். டிசம்பரில் நீ வரும்போது அப்பா, ஏர்போர்ட்டுக்கு நானேதான் காரோட்டி வருவேன், என் பெண் வாடகை வண்டியில் வீட்டுக்கு வரக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறாரே, அதற்கு ஒத்திகையாக ஏர்போர்ட் பக்கம் நியூ டவுனில் உன் சித்தி கல்பனா வீடு வரை போய் வரலாம் என்று விஸ்வகர்மா பூஜையன்று காலையில் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். கரியாஹாட் சிக்னலில் பச்சை விழுந்தது, வண்டி அசையவில்லை. பின்னால் பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை, டிராஃபிக் சார்ஜென்ட் வந்து கண்ணாடியைத் தட்டினார், கடைசியில் ரோட்டில் போன நாலு பேர் தள்ளிக்கொண்டு போய் நம் மெக்கானிக் ஹரிஷங்கரின் ஷெட்டில் விட்டார்கள். அங்கே போனால் பந்தல், மைக் செட், யானை மேல் விஸ்வகர்மா. இன்னிக்கு ஸ்பானர் எல்லாம் பூஜையில இருக்கு மாஜி, நாளைக்குத்தான் தொடுவோம் என்று ஹரிஷங்கர் கையைக் கட்டிக்கொண்டான். ஆயுத பூஜையன்று அரிவாள்மணையைக்கூடத் தொடவிடாதவள் நான், அவனை எந்த வாயால் குறை சொல்வது. வந்த வண்டியை விடுவானேன் என்று அதற்கும் பொட்டு வைத்து மாலை போட்டார்கள், எங்களுக்கு இலையில் கிச்சுரி, நம் பொங்கல் மாதிரி. அப்பா ரசித்துச் சாப்பிட்டார், எனக்குத்தான் இறங்கவில்லை.

மறுநாள் அவன் சாவியைத் திருப்பினான், ஒரே திருப்பு, வண்டி சமர்த்தாகக் கிளம்பிவிட்டது! பழைய வண்டி, இக்னிஷன் காயில் சூடேறி நின்றிருக்கும், ஆறினதும் சரியாகிவிட்டது என்கிறான். மாடி வீட்டு சைதன்யா பாபு, இல்லவே இல்லை, பெட்ரோல் பம்ப்தான் என்கிறார். கல்பனா வண்டியைத் தலைமுழுகச் சொல்கிறாள். நான் எதை நம்புவது, ஒன்றும் புரியவில்லை.

ஏனென்றால் இவர்கள் யாரிடமும் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது மது. அந்த சிக்னலில் அப்பா சாவியைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, இதை எந்தப் பக்கம் திருப்பணும் லக்ஷ்மி என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து கார் ஓட்டுகிற மனுஷர். ஸ்டீயரிங் பக்கமே போகாத நான் என்னத்தைச் சொல்ல, ஏதோ கையைக் காட்டினேன். வண்டி தானாக நின்றதா, இல்லை அவரே என்ஜினை அணைத்துவிட்டு அப்புறம் கிளப்புவதை மறந்தாரா, எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் பிடிபடவில்லை. அந்த ஹாரன் சத்தத்தில் யாருக்குத்தான் கை கால் ஓடும் என்று ஒரு மனசு சொல்கிறது. மறுநாள் காலையில் பேப்பரில் குறுக்கெழுத்தை முழுக்கப் போட்டு முடித்தார், சாம்பாரில் உப்பு கம்மி என்று சண்டை பிடித்தார், கம்மிதான். இப்படி இருக்கிறவரை டாக்டரிடம் வாருங்கள் என்று எப்படிக் கூப்பிடுவது, கூப்பிடாமல்தான் எப்படி இருப்பது. எனக்குப் பயமாக இருக்கிறது. கார் சாவியை எடுத்து அரிசி டப்பாவில் ஒளித்து வைத்திருக்கிறேன். எங்கே வைத்தேன், எங்கே வைத்தேன் என்று வீடெல்லாம் தேடுகிறார், பார்க்கவே பாவமாக இருக்கிறது, நீங்கள் மறக்கவில்லை என்று சொல்லவும் முடியவில்லை. செய்தது சரியா தப்பா என்று நீதான் சொல்ல வேண்டும்.

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிடுங்கள். ஒன்றை மறந்துவிடாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கார் பேச்சையே எடுக்க வேண்டாம். ஏர்போர்ட்டிலிருந்து நம் வீட்டுக்கு எப்படிப்பா வரணும் என்று விளையாட்டாகக் கேள். வழி சொல்வதென்றால் அவருக்கு உயிர், ஒவ்வொரு திருப்பமாகச் சொல்வார். சரியாகச் சொல்லிவிட்டால் வண்டிதான் கிழடு, சந்தோஷமாக விற்றுவிடுகிறேன். எங்காவது தடுமாறினால் திருத்தாதே கண்ணே, சரிப்பா என்று மட்டும் சொல். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அனந்தலக்ஷ்மி