ஆடுகளுக்குக் கட்டிய போர்வை

என் மனைவிக்கு ஸலாம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? சின்னவளுக்குச் சளி விட்டதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். தோள்பட்டை மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுகிறது.

இங்கே அறுப்புக்கூடத்தில் ஒரு சின்னக் கூத்து. ஆடுகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கும் நான் அறுக்கும் மேடைக்கும் நடுவில் தொங்கும் திரை போன வாரம் கிழிந்துவிட்டது. ஒன்றை அறுப்பதை இன்னொன்று பார்க்கக் கூடாது என்று நம் மார்க்கத்தில் இருப்பது உனக்கே தெரியும். மூன்று நாள் சூப்பர்வைசரிடம் சொல்லிப் பார்த்தேன், சொல்லிக்கொண்டே அறுத்தேன். நாலாம் நாள், நீ பெட்டியில் மடித்து வைத்த போர்வையைக் கொண்டுபோய்க் கட்டிவிட்டேன்.

மனிதர் பாய்ந்து வந்தார். "இது என்ன உன் வீட்டு ஜன்னலா? ஆட்டுக்கு என்னய்யா தெரியும்?"

"தெரியாமலா சார் பின்னாடி பின்னாடி நகருது?"

முறைத்தார். ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை. இப்போது ஆடுகள் அமைதியாக வருகின்றன. திரைக்கு இரண்டு பக்கமும் பார்ப்பவன் நான் ஒருவன்தான். ஒவ்வொன்றுக்கும் பிஸ்மில்லா சொல்லிச் சொல்லி, அறைக்கு வந்து சோற்றில் கை வைக்கும்போது அதைச் சொல்ல நாக்கு எழுவதில்லை.

லீவில் ஊருக்கு வந்திருக்கும் என் அறைத்தோழர் இங்கே திரும்பும்போது, அவரிடம் வலித்தைலமும் ஒரு போர்வையும் கொடுத்துவிடு. புதிது வாங்காதே, நீ போர்த்திக்கொள்வதையே கொடு. கம்பெனி வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

துவைக்க வேண்டாம், அப்படியே கொடு.