அப்பாவின் கிழக்கு ஜன்னல்

கட்டுகஸ்தோட்டை,
சனிக்கிழமை மத்தியானம்.

அன்புள்ள தம்பி றஜீவுக்கு,

போனில் பேசிக்கொள்கிற நமக்குள் கடிதம் எதற்கு என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். இது அம்மா இருந்திருந்தால் அம்மா எழுதியிருக்க வேண்டியது. அம்மா போன பிறகு உனக்குச் சோறு பிசைந்து கொடுத்ததும் ஸ்கூல் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தானே, அந்த இடத்தில் இருந்துகொண்டு எழுதுகிறேன். போனில் உன் சத்தம் கொஞ்சம் உயர்ந்தாலே எனக்கு வாய் அடைத்துவிடுகிறது. டோஹாவில் நீ சுகமாக இருக்க மாதாவிடம் மன்றாடுகிறேன். இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. லீவில் வந்த சந்திரகுமார் அண்ணன் திங்கட்கிழமை திரும்பிப் போகிறார், அவர் கையில் இதையும் அக்குறணையில் வாங்கிய மாசித்தூளையும் கொடுத்துவிடுகிறேன்.

மேல்வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று. போன ஞாயிறு பூசை முடிந்து ஷிரோமி வந்து தரைக்கு டைல்ஸ் நிறம் பார்த்தாள். நல்ல பிள்ளை, உன்னைக் கட்டிக்கொண்டு வரப்போகிற வீடு என்று ஒவ்வொரு மூலையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்பா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார். பட்டப்பகலில் தூங்குகிறாரே என்று அவள் கேட்டபோது ராத்திரி தூக்கமில்லை என்று மட்டும் சொன்னேன். போன வாரம் வியாழக்கிழமை நடந்ததை உன்னிடம் பாதிதான் சொன்னேன். விடியுமுன் நான் கண் அசந்த நேரம் பார்த்து அப்பா பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, விசிலையும் எடுத்துக்கொண்டு, கண் தெரியாத மனிதர் சுவரைத் தடவியபடியே மாத்தளை ரோட்டுக்குப் போய்விட்டார். நடு ரோட்டில் நின்று முதல் பஸ்ஸுக்கு விசில் ஊதியிருக்கிறார். கண்டக்டர் தம்பி கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டான். கண்டி ஸ்டாண்டில் அப்பா டைம்கீப்பராக இருந்தபோது அவரிடம் ஏச்சு வாங்கியவனாம். “டைம்கீப்பர் ஐயா எங்களுக்கு லேட்டுன்னு ஏசுறாரு அக்கா, சிரிச்சிக்கிட்டேதான் கூட்டிட்டு வந்தோம், ஆனா பிரேக் பிடிக்காம போயிருந்தா?” என்றான். அன்றிலிருந்து கேட்டுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். நான் ஸ்கூலுக்குப் போகும்போதும் அப்பாவை உள்ளே வைத்துத்தான் பூட்டிவிட்டுப் போகிறேன். டியூட்டிக்கு நேரமாச்சு, யாரு பூட்டினது என்று அவர் கம்பியை ஆட்டுகிற சத்தம் வகுப்பில் நிற்கும்போதுகூட எனக்குக் கேட்கிறது. தெருவில் எல்லோரும் மூளை கலங்கிவிட்டது என்கிறார்கள். நீயும் அதைத்தான் சொல்லி, மாதக் கடைசியில் முதியோர் இல்லத்திலிருந்து வந்து கூட்டிப்போக ஏற்பாடு செய்துவிட்டாய். உன்னைக் குறை சொல்லவில்லை, தூரத்தில் இருப்பவனுக்கு வேறு என்ன தோன்றும்.

ஆனால் தம்பி, அப்பாவுக்கு மூளையில் ஒன்றுமில்லை. விழித்திருக்கும்போது எல்லாம் சரியாகப் பேசுகிறார், என் சம்பலில் உப்பு கூடினால் கடலையே கரைச்சிட்டியா புள்ள என்று கேலி செய்கிறார். தூக்கம் மட்டும்தான் வழுக்கிக்கொண்டே போகிறது. இன்று தூங்கியதைவிட நாளை கொஞ்சம் பிந்தி, நாளை மறுநாள் இன்னும் பிந்தி. அப்படியே இரவு பகலாகி, பகல் இரவாகி, சுற்றிவந்து சில நாள் நம்மோடு சேர்ந்து தூங்குகிறார், திரும்ப விலகிப் போய்விடுகிறார். வகுப்புப் பிள்ளைகளின் பேஸ்டலை வாங்கி, பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அவர் தூங்கும் நேரத்தை மட்டும் கறுப்பாகத் தீட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினேன். எனக்குப் படம் வரையத் தெரியாது, இருந்தும் அது ஏதோ ஓவியம்போல வந்துவிட்டது, வெள்ளையில் சரிந்து இறங்குகிற ஒரு கறுப்புப் படிக்கட்டு. மெழுகு தடிப்பாக இருந்ததால் அப்பாவின் விரலை அதன்மேல் வைத்து நடத்தினேன். மேலிருந்து கீழே போனவர், திரும்பவும் மேலே போய் இறங்கினார். பிறகு, “இந்த பஸ் தினம் கொஞ்சம் கொஞ்சம் லேட்டாகுது புள்ள, ஸ்டாண்டில யாரும் நேரம் பார்க்கலையா?” என்று கேட்டார். நான் எழுந்து குசினிக்குப் போய் அடுப்பில் உலையை வைத்தேன்.

அவர் சொன்னதுதான் சரி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதைப் படித்தேன். நம் உடம்புக்குள் ஓடும் நாள் வெளியே இருக்கிற நாளைவிடச் சற்று நீளமானது, காலை வெளிச்சம்தான் ஒவ்வொரு நாளும் அதைப் பிடித்து நேரத்துக்குத் திருப்பி விடுகிறது. கண்ணுக்கும் இரண்டு வேலை உண்டு. ஒன்று பார்ப்பது. மற்றது, உருவம் எதுவும் தெரியாமலே, விடிந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்வது, அதற்கென்று தனி உயிரணுக்கள் இருக்கின்றன. அப்பாவுக்கு முதலில் மாலை மங்கலில் தெரியாமல் போய், பிறகு பக்கங்கள் சுருங்கி, கடைசியில் எல்லாம் அணைந்ததே, அந்த நோயில் பார்க்கிற உயிரணுக்கள் செத்தாலும் மற்றவை பலருக்கு உயிரோடு இருக்கும். கிளினிக்கில் கண் டாக்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். இருக்கலாம், உறுதி சொல்ல முடியாது, காலை வெளிச்சம் படவைத்துப் பாருங்கள் என்றார். எனக்கு அது போதும். அவருடைய அறைத் தரைக்குச் சிமெந்து போட்டபோது அப்பாவைப் பக்கத்து வீட்டுப் பரிமளம் அக்காவின் முன்னறையில் படுக்க வைத்தோமே, காலையில் வெயில் நேரே கட்டிலில் விழும். அங்கே இருந்தவரை நம்மைப்போலத் தூங்கி நம்மைப்போல எழுந்தார். தூக்கத்துக்கு டாக்டர் கொடுத்த குளிசை வேலை செய்கிறது என்று நாம் சந்தோஷப்பட்டோம். வீட்டுக்குத் திரும்பியதும் அதே குளிசையைக் குடித்துக்கொண்டே திரும்ப வழுக்கத் தொடங்கினார். இப்போது அந்த அறையில் வாடகைக்கு ஆள் வந்துவிட்டது. நம் வீட்டு முன்பக்கம் மண்மேடு மறைக்கிறது, வெயில் அதைத் தாண்டி எட்டிப்பார்க்கும் முன்பே நான் அப்பாவை உள்ளே பூட்டிவிட்டு ஸ்கூலுக்குப் போய்விடுகிறேன்.

மேல்வீட்டுப் படிக்கட்டுக்காக அப்பாவின் அறைக் கிழக்கு ஜன்னலை அடைக்கச் சொன்ன அன்று, “கண்ணு தெரியாத ஆளுக்கு ஜன்னல் எதுக்கு அக்கா?” என்று கேட்டாய். அப்பாவே சரிதானே என்று சிரித்தார். அடுத்த வாரம்தான் அந்தத் தூக்கம் வழுக்கத் தொடங்கியது. இப்போது அந்த அறையில் பகலிலும் லைட் போட்டால்தான் எனக்கே வழி தெரிகிறது.

வெயிலில் வேலை செய்யும்போது தண்ணீர் நிறையக் குடி. நைட் ஷிப்ட் மாறி மாறி வந்தால் மேலாளரிடம் சொல்லிப் பார், உன் உடம்பும் அப்பாவின் உடம்புதான். உன் கண்ணையும் ஒருமுறை காட்டு, மங்கலில் தடுமாறினால் மறைக்காதே. அம்மாவின் ஜெபமாலையைப் பையில் வைத்திருக்கிறாய்தானே, படுக்குமுன் கையிலாவது எடு. ஆண்டவர் உன்னையும் ஷிரோமியையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

அம்மாவின் இடத்தில் நின்று,
உன் அக்கா
பெற்றீசியா

கையெழுத்துப் போட்ட பிறகுதான் கேட்கத் தைரியம் வருகிறது. படிக்கட்டைப் பின்பக்கம் திருப்பலாம் என்கிறார் மேல்வீட்டைக் கட்டுகிற ரிஸ்மி பாஸ், மேலே உங்கள் அறை கொஞ்சம் சிறுக்கும், கல்யாணத்துக்குள் வேலை முடியாமலும் போகலாம். காணி உன் பெயரில் இருப்பதால் உன் வார்த்தை இல்லாமல் ஒரு கல்லையும் தொடமாட்டாராம். தம்பி, அப்பாவைக் கூட்டிப்போக அவர்கள் வருமுன் ஜன்னலை அடைத்த அந்தச் சுவரை உடைக்க விடு.