கத்தரிக்குத் தூவிய சாம்பல்

கத்தரிப் பாத்தியைக் கண்ணாகப் பார்த்த என் அண்ணாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இன்று கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வேலை செய்த குப்பை எரிக்கும் ஆலையிலிருந்து அண்ணிக்குக் கடிதம் வந்திருக்கிறது. ரூஜ் பகுதியில் உள்ள உங்கள் வீட்டுத் தோட்ட மண்ணைப் பற்றி அண்ணியின் பெயரில் நான் எழுதிக் கேட்டதற்குப் பதில். நீங்கள் கொண்டுவந்த சாம்பல் ஆபத்தில்லாததாம். ஆனாலும் அனுமதி இல்லாமல் எடுத்தீர்களாம். இரண்டையும் ஒப்புக்கொண்டு அண்ணி கையெழுத்து வைக்கவேண்டுமாம். ஆபத்தில்லாத சாம்பலுக்கு எதற்குக் கையெழுத்து?

அனுமதி இல்லாமலா? சூப்பர்வைசரே வாளியைப் பிடித்துத் தந்ததை எத்தனை தரம் சொன்னீர்கள்! "உது வெறும் சாம்பல்தானே. தூவினா பூச்சி அண்டாது. கனடாவில உப்பிடிச் சாம்பல் எங்க கிடைக்கும், சொல்லு பாப்பம்" என்று சிரித்தீர்கள். அடுப்புச் சாம்பல் தூவிப் பழகிய கை. அதிலும் அடியில் விழும் கட்டிச் சாம்பலை விட்டு, புகை வடிகட்டியில் பிடிபட்ட மாப்போன்ற தூளையல்லவா பார்த்துப் பார்த்து அள்ளினீர்கள்! நைஸானதுதான் நல்லதென்று உங்களுக்கு யார் சொன்னது?

கடிதத்தோடு அவர்கள் அனுப்பிய சோதனை அறிக்கை அடிச் சாம்பலைப் பற்றியது. மொத்த ஈயம் எவ்வளவு என்று மட்டும் இருக்கிறது. எந்த வடிவில் என்று ஒரு சொல் இல்லை. அடிச் சாம்பலில் ஈயத்தின் பெரும்பகுதி கண்ணாடி போன்ற கட்டிக்குள் இறுகிக் கிடக்கும். வடிகட்டித் தூளிலோ ஈயமும் கட்மியமும் குளோரினோடு சேர்ந்து உப்பாகவும் இருக்கும். மழை பெய்தால் உப்பு கரையாமல் என்ன செய்யும்? கராஜில் மிஞ்சிய வாளித் தூளை நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் சோதித்தோம். தண்ணீரில் குலுக்கியதும் இரண்டும் கரைந்து வந்தன.

உங்கள் சிறுநீரகம் அதனால்தான் போனதா? டாக்டர் உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார். ஆனால் பிள்ளைகள் இரண்டு பேரும் மூன்று கோடை அந்த மண்ணில் விளையாடினார்கள், அந்தக் காயைத் தின்றார்கள். அவர்களின் இரத்தம் சோதனைக்குப் போயிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. "நான்தானே ஆக்கிக் குடுத்தனான்" என்று அண்ணி அழுகிறா.

நேற்று ஆலை அலுவலகத்திலிருந்து ஒருவர் அழைத்தார். நம்மவர்தான்.

"தங்கச்சி, செத்த மனிசனில பிழையைப் போட்டா ஆருக்கென்ன நட்டம்? கையெழுத்து வைச்சு விசயத்தை முடிக்கச் சொல்லுங்கோ."

"அது என்ர அண்ணை!" என்று கத்திவிட்டு போனை வைத்தேன்.

அண்ணி கையெழுத்து வைக்கமாட்டா. அந்த மண்ணை அவர்களே வந்து தோண்டி அள்ளவேண்டும். அந்தத் தூளில் என்ன இருக்கிறது, எந்த வடிவில் இருக்கிறது என்று உங்களோடு வேலை செய்தவர்களுக்கும் சொல்லவேண்டும். அதுவரை விடமாட்டேன், அண்ணா. அரசாங்கத்துக்கு முறைப்பாடு எழுதுகிறேன். ஒரு கிழமையாக முதல் வரி வரவில்லை. இன்று எழுதிவிட்டேன்: "அவர் சாம்பல் தூவியபோது, இரசாயனம் படித்த நான் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன்."

உங்கள் ஒரே தங்கச்சி,
கௌரி